தண்ணீர் ஏறாத குன்றின் கவுன்சிலர்

சான் தெல்மோ துறைமுகத்தில் வந்து இறங்கியபோது அம்பேலியோ சொலாரிக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. இறங்கினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில், இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து வந்த கப்பல் ஒன்றின் சமையல்கட்டிலிருந்து, தலைமைச் சமையல்காரனின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஓடிவந்தார். கையில் ஒரு மாற்றுச் சட்டை. வாயில் ஜெனோவாப் பேச்சு மட்டும். சிலி நாட்டில் பேசுகிற ஸ்பானிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. கப்பல்துறைக்கு எதிரே மளிகை மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்த நிக்கோலோ பிரெகாந்தே, தன் கடைவாசலில் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்த இந்தப் பையனின் பேச்சைக் கேட்டு நிமிர்ந்தார்.

"எந்த ஊருடா நீ?"

"ரெக்கோ பக்கம்."

"நம்ம பக்கந்தான். சாப்டியா?"

"நேத்து சாப்டேன்."

"உள்ள வா."

அந்த "உள்ள வா"வை அம்பேலியோ சாகும்வரை மறக்கவில்லை. பின்னாளில் நகரசபை உறுப்பினராகி, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு பெரிய மனிதர்களோடு உட்கார்ந்த காலத்திலும், பிரெகாந்தே அறைக்குள் வந்தால் அவருக்குத் தானாகவே எழுந்து நிற்க வரும்.

பிரெகாந்தேயின் கடையில் அரிசி மூட்டைகளின் மேல் படுத்துத் தூங்கி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சில வருடங்கள் உழைத்தார். பிறகு லொய்க்கா குன்றில், பாதை வளைகிற இடத்தில், தகரக் கூரை போட்ட சொந்தக் கடை. தேயிலைபோல் ஊறவைத்துக் குடிக்கிற மாத்தே இலை, சர்க்கரை, மெழுகுவர்த்தி, மண்ணெண்ணெய், உப்புக்கண்டம், பீப்பாயில் ஒயின். குன்றில் குடியிருந்தவர்கள் மூட்டை தூக்குகிறவர்களும் படகு வலிக்கிறவர்களும் துணி வெளுக்கிறவர்களும்தான். பலகையும் தகரமுமான வீடுகள், ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு உச்சி வரை ஏறும். குடிதண்ணீர் கழுதை முதுகில் வரும். நகரசபையின் குழாய் குன்றின் அடிவாரத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேலே ஓட்டு இல்லை என்பதால் தண்ணீரும் இல்லை என்று குன்றுக்காரர்கள் சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்களுக்குத்தான் ஓட்டு. அந்தக் குன்றில் அப்படிப்பட்டவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எங்கள் ஊரில் இத்தாலிய மளிகைக்காரர் எவராயிருந்தாலும் அவர் பெயர் "பச்சீச்சா". கேலிப் பெயர்தான். ஆனால் கொசுறு நன்றாகப் போடுகிற பச்சீச்சாவை அதே பெயரால் செல்லமாகவும் கூப்பிடுவார்கள். அம்பேலியோ எடையில் படு கறார். முள் நடுவில் நிற்காமல் பொட்டலம் கட்டமாட்டார். அரைக் கிலோ சர்க்கரைக்கு அழவைத்துவிடுவார் என்று பெண்கள் திட்டுவார்கள். கொசுறு என்று வரும்போது மட்டும் வேறு மனிதராகிவிடுவார். பொட்டலத்தின் மேல் இரண்டு உலர்ந்த அத்திப்பழம், சூல் கொண்டவளுக்கு ஒரு துண்டு பட்டை, கிழவர்களுக்கு ஒரு மிடறு ஒயின் என்று கேட்காமலே வரும். படகுக்காரர் மகள் திரான்சித்தோ அவரைக் கல்யாணம் செய்துகொண்டதே கொசுறுக்கு ஆசைப்பட்டுத்தான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

"இவருக்குக் குடும்பம் ரெண்டு. ஒண்ணு படை, இன்னொண்ணு கடை. நான் அந்தக் கடையில கொசுறு" என்றும் சொல்வாள்.

படை என்றால் தீயணைப்புப் படை. எங்கள் ஊரில் தீயை அணைக்க அரசாங்கம் யாரையும் வைத்திருக்கவில்லை. ஊரில் குடியேறிய ஒவ்வொரு நாட்டாரும் தங்களுக்கென்று ஒரு படை வைத்திருந்தார்கள். சம்பளம் கிடையாது. சந்தா கட்டிச் சேர வேண்டும், சீருடையைச் சொந்தக் காசில் தைக்க வேண்டும். இத்தாலியப் படைக்குக் கேப்டன் பிரெகாந்தே. ஜெர்மன் படைக்குக் கேப்டன், இரும்புச் சாமான் வியாபாரி வீகாண்ட். பிரெஞ்சுப் படை ஒன்றும் உண்டு. நெருப்புப் பிடித்தது என்று மணி அடித்தால், கடையை அப்படியே போட்டுவிட்டு, பித்தளை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடுவார்கள். எந்தப் படை முதலில் தெருவிலுள்ள நகரசபைத் தண்ணீர்க்குழாயைப் பிடிக்கிறதோ தண்ணீர் அவர்களுடையது. ஒரு படையின் குழாயில் வேற்றாள் கைவைத்தால் அது அவமானம். அதற்காக ஒரு முறை நெருப்பைப் பின்னால் விட்டுவிட்டு நடுத்தெருவில் அடித்துக்கொண்டதும் நடந்திருக்கிறது.

வியாழக்கிழமைதோறும் பயிற்சி. பயிற்சி முடிந்ததும் படைக் கூடத்தில் சாப்பாடு. திருநீற்றுப்பச்சையும் பூண்டும் இடித்த துவையலைக் காய்கறிச் சூப்பில் கலக்கிச் சாப்பிடுவார்கள். ஜெனோவாப் பேச்சை வாய் நிறையப் பேச ஊரில் அந்த ஒரு மேசைதான் இருந்தது. தாய் தகப்பன் முகம்கூடச் சரியாக நினைவில்லாத அம்பேலியோவுக்கு அந்த மேசைதான் பிறந்த வீடு. ஒரு வியாழக்கிழமை தவறினாலும் அவர் முகம் வாடிப்போகும்.

இத்தாலியர்கள் பம்பையும் தண்ணீர் பீய்ச்சுகிற துணிக்குழாயையும் ஜெனோவாவிலிருந்து வரவழைத்தார்கள். ஜெர்மானியர் ஹாம்பர்க்கிலிருந்து, பிரெஞ்சுக்காரர் பாரிஸிலிருந்து. குழாயோடு குழாயைச் சேர்க்கிற பித்தளை வாயில் ஒவ்வொரு ஊர்ப் பட்டறையும் அதனதன் கணக்குக்கு மரை, அதாவது திருகுவதற்கான புரி, வெட்டி அனுப்பியது. ஒரு படையின் குழாயை இன்னொரு படையின் குழாயோடு சேர்த்துத் திருக முடியாது. இதைக் குறையென்று யாரும் நினைக்கவில்லை. பெருமையாகத்தான் நினைத்தார்கள். "நம்ம குழாய்ல எவனும் வாய் வைக்க முடியாது" என்று பிரெகாந்தே மார்தட்டுவார். வீகாண்டும் அவர் மொழியில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

இந்தப் பெருமை எத்தனை பெரிய முட்டாள்தனம் என்பது ஒரு ஜனவரி மாதப் பிற்பகலில் தெரிந்தது. எங்களுக்கு ஜனவரி நல்ல கோடை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தெற்குக் காற்று கிளம்பி, குன்றின் தகரங்களைப் பிய்த்துவிடுவதுபோல் வீசும். அந்தக் காற்றில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு வீட்டில் இஸ்திரிப் பெட்டியின் கரி சிதறிப் பற்றிக்கொண்டது. மணி அடித்ததும் இத்தாலியப் படைதான் முதலில் வந்து அடிவாரத்துத் தண்ணீர்க்குழாயைப் பிடித்தது. பம்பு வைத்து, குழாய்களை ஒன்றோடொன்று திருகி, பாதையில் இழுத்துக்கொண்டு ஏறினார்கள். அம்பேலியோ முனையைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினார். அவர் கடை இருந்த வளைவு வரை வந்ததும் குழாய் தீர்ந்துவிட்டது.

நெருப்பு இன்னும் மேலே. தண்ணீர் அவர் கையிலிருந்து பீய்ச்சியடித்து, எரிகிற வீடுகளுக்குக் கீழே வெறும் பாறையில் விழுந்தது.

அதற்குள் ஜெர்மன் படை வந்துவிட்டது. அவர்களிடம் குன்றின் உச்சியையே எட்டுகிற நீளத்துக்குக் குழாய் இருந்தது. வீகாண்டின் ஆட்கள் அதை வளைவிலிருந்து மேலே விரித்துக்கொண்டு போனார்கள். ஒரு நிமிடம், இந்த முனையையும் அந்த முனையையும் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"சேருங்கடா!" என்று கத்தினார் பிரெகாந்தே.

"சேரல கேப்டன்!"

"திருப்பிப் போட்டுப் பாரு!"

"தலைகீழா நின்னாலும் சேராது. இது அவங்க மரை!"

அம்பேலியோ தன் சட்டையைக் கழற்றி, இரண்டு வாய்களையும் சேர்த்துச் சுற்றி, கப்பலில் கற்ற முடிச்சைப் போட்டுக் கயிற்றால் இறுக்கினார். பம்பு ஒரு தடவை அழுத்தியதும் முடிச்சு தெறித்து, தண்ணீர் அவர் முகத்திலேயே அடித்தது. மறுபடி கட்டினார். மறுபடி தெறித்தது. ஜெர்மன் குழாயை அடிவாரத்திலிருந்தே புதிதாக இழுத்துவரலாம் என்றால், தண்ணீர்க்குழாய் இத்தாலியரின் பிடியில் இருந்தது. விட்டுக்கொடுக்கலாமா வேண்டாமா என்று இரண்டு கேப்டன்களும் இரண்டு மொழியில் வாதாடி முடிப்பதற்குள், மேல்வரிசை வீடுகள் முழுக்க எரிந்து, குன்றின் அந்தப் பக்கம் கருகிய பலகைகளாகிவிட்டது.

சோய்லாவின் வீடும் அதில் போயிற்று. சோய்லா துணி வெளுக்கிறவள், கைம்பெண், வாய் அடங்காதவள். கீழே உள்ள பெரிய வீடுகளின் வெள்ளைத் துணி அத்தனையும் அவள் வீட்டில்தான் இருந்தது. மறுநாள் கடைக்கு வந்தாள். எதுவும் வாங்கவில்லை. திட்டவுமில்லை, அதுதான் அம்பேலியோவுக்குத் தாங்கவில்லை.

"பச்சீச்சா, ஒண்ணு கேக்கணும். தண்ணி இருந்துச்சு. குழாய் இருந்துச்சு. ஆளுங்க இத்தன பேரு இருந்தீங்க. பின்ன ஏன் என் வீட்டுக்குத் தண்ணி வரல?"

அம்பேலியோ வாயைத் திறந்தார். மரையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் தன் வார்த்தை தன் காதிலேயே விழுந்து, வெட்கத்தில் நிறுத்திவிட்டார்.

"எங்க ரெண்டு படையும் வேற வேற..." என்று மட்டும் சொன்னார்.

"வேற வேற என்ன? தண்ணியா?" என்றாள் சோய்லா.

அவர் முதலில் கொல்லனிடம்தான் போனார். ஒரு பக்கம் ஜெனோவா மரையும் மறுபக்கம் ஹாம்பர்க் மரையும் வெட்டிய ஒரு பித்தளைத் துண்டைச் செய்து வாங்கினார். அதை எந்தப் படை தூக்கிக்கொண்டு வருவது என்று பேச்சு வந்தது. எங்களுக்கு எதற்கு, அவர்கள் கொண்டுவரட்டும் என்று இரண்டு பக்கமும் சொன்னார்கள். கடைசியில் அது நகரசபைச் செயலரின் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க வைக்கிற கல்லாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த தீ விபத்தில், அலுவலகத்தைப் பூட்டிவிட்டு அவர் சாப்பிடப் போயிருந்தார். நல்ல வேளையாக அது கீழ்த் தெருவில், சின்ன நெருப்பு. அம்பேலியோவுக்கு அப்போதே புரிந்துவிட்டது: துண்டு வைத்து ஒட்டுப்போட்டால் ஆகாது, சட்டம் போட்டு மூன்று படைக்கும் ஒரே மரை ஆக்கினால்தான் உண்டு.

நகரசபைத் தேர்தல் வந்தது. குடியுரிமை வாங்கியிருந்த இத்தாலிய வியாபாரிகளுக்கு, தங்களுக்காகப் பேச அங்கே ஒரு ஆள் வேண்டியிருந்தது. பிரெகாந்தேதான் அம்பேலியோவின் பெயரைச் சொன்னார். "நம்ம பையன். நாம சொன்னா தட்ட மாட்டான்" என்று வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டார். தேர்தலன்று ஓட்டுப் போட்டவர்களுக்கு ஒயின் பீப்பாய் திறந்தார். அம்பேலியோ வென்றார். மளிகைக்கடையின் மேலங்கியை அவிழ்த்துவிட்டு, திரான்சித்தோ தைத்துக்கொடுத்த கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நகரசபைக்குப் போனார். கோட்டின் கை கொஞ்சம் நீளம்.

"சரியாத்தான் இருக்கு. பேசும்போது கையைத் தூக்குங்க, ஏறிக்கும்" என்றாள் திரான்சித்தோ.

பேச்சு அவருக்கு வராது. ஸ்பானிய மொழியில் இத்தனை வருடம் வியாபாரம் பண்ணியும், நாலு பேர் முன்னால் எழுந்தால் நாக்கு ஜெனோவாவுக்கே திரும்பிப் போய்விடும். ஆனால் விடாக்கண்டர். ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து மரையைப் பற்றியே பேசினார். பாலத்தைப் பற்றி விவாதம் நடந்தால் பாலத்துக்குப் பக்கத்தில் மரையைக் கொண்டுவருவார். மற்ற உறுப்பினர்கள் அவருக்கு "மரைக்காரர்" என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் தொல்லை தாங்காமல் விவாதத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். ஊருக்கு ஒரே மரை வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அப்போது ஒருவர், "எந்த மரை?" என்று கேட்டார்.

அதற்கப்புறம் குளிர்காலம் முழுக்கக் கைதட்டல் கேட்கவில்லை. இத்தாலியர் தங்கள் மரைதான் வேண்டும் என்றார்கள். ஜெர்மானியர் தங்கள் மரை. பிரெஞ்சுக்காரர், நாகரிகம் தெரிந்த ஊர் எல்லாம் தங்கள் மரையைத்தான் வைத்திருக்கிறது என்றார்கள். அம்பேலியோ ஒவ்வொரு கூடமாகப் போய் ஒவ்வொருவரிடமும் எத்தனை குழாய் இருக்கிறதென்று பார்த்துவிட்டு வந்தார். மளிகைக்கடைக்காரர் கணக்கு அது, சுற்றிவளைப்பு இல்லாதது. ஜெர்மானியரிடம்தான் அதிகம். இத்தாலியரிடம் மிகக் குறைவு. இருப்பது குறைவாக உள்ளவன் மாற்றிக்கொண்டால் அடுத்த கோடைக்குள் வேலை முடிந்துவிடும். ஜெர்மானியர் மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் இரண்டு கோடை ஆகும். குன்றால் அதுவரை காற்றை நிறுத்திவைக்க முடியாது.

பிரெஞ்சு மரை தள்ளுபடியாகி, இத்தாலிய மரைக்கும் ஜெர்மன் மரைக்கும் நகரசபை சரிபாதியாகப் பிரிந்து நின்றது. அம்பேலியோ எந்தப் பக்கம் கை தூக்கினாலும் அந்தப் பக்கம் ஜெயித்துவிடும். ஓட்டெடுப்புக்கு முந்தின நாள் அவர் பிரெகாந்தேயின் கடைக்குப் போனார். பிரெகாந்தே எண்ணெய் ஜாடியிலிருந்து புட்டிகளில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நாளைக்கு நான் ஜெர்மன் மரைக்குத்தான் கை தூக்கப்போறேன். வேற யாரும் சொல்லி உங்க காதுல விழக்கூடாதுன்னு நானே வந்தேன்."

பிரெகாந்தே புனலை எடுத்துக் கீழே வைத்தார். "என்ன சொன்ன?"

"ஜெர்மன் மரைண்ணே."

"உன்னை நகரசபைக்கு அனுப்புனது யாரு? அந்தக் குன்றா? அங்க எவனுக்குடா கையெழுத்துப் போடத் தெரியும்?"

"நீங்கதான் அனுப்புனீங்க."

"வீகாண்டோட மரைய என் படையில மாட்டி வைக்கவா அனுப்புனேன்?"

"யாரு மரைங்கறது பெருசில்லண்ணே. தண்ணி மேல ஏறணும்."

"பேசக் கத்துக்கிட்ட. நகரசபைச் சோறு வேலை செய்யுது" என்றார் பிரெகாந்தே. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணே, நீங்களும் பக்கத்துலதான நின்னீங்க? அந்த முனை என் கையில இருந்துச்சு. மேல வீடு எரியுது, நாம குழாயை வச்சுக்கிட்டு பாறைக்குத் தண்ணி ஊத்துறோம். மறுபடி அப்படி நிக்க என்னால ஆகாது."

பிரெகாந்தே புனலை மறுபடி எடுத்துப் புட்டியில் செருகினார். அவருக்கும் அந்தப் பிற்பகல் மறந்திருக்கவில்லை. ஆனால் அவர் கேப்டன். பின்னால் முப்பது குடும்பத்து ரோஷம் நின்றது.

"கை தூக்குனன்னா, வியாழக்கிழமை ஹெல்மெட்டைக் கொண்டாந்து மேசையில வச்சிட்டுப் போயிடு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அம்பேலியோ கையைத் தூக்கினார். கோட்டின் கை சரியாக மணிக்கட்டில் வந்து நின்றது. பார்வையாளர் வரிசையிலிருந்து ஒருவன், "ஹாம்பர்க்குக்கே போயிடுறா!" என்று கூவினான். ஒரு ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. நகரசபையில் மேதைகள் பலர் உட்கார்ந்திருந்தார்கள், மணிக்கணக்கில் பேசக்கூடியவர்கள். தன் சோற்றில் தானே மண் அள்ளிப்போட்டுக்கொண்டு ஒரு கையைத் தூக்குகிற தைரியம் அவர்களில் எத்தனை பேருக்கு இருந்தது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை மாலை அவர் ஹெல்மெட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு படைக் கூடத்துக்குப் போனார். மேசையில் சூப்பு ஆவி பறந்தது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் ஹெல்மெட்டை வைத்தார். யாராவது ஒரு வார்த்தை திட்டுவார்கள் என்று சற்று நின்றார். திட்டினால்கூட ஜெனோவாப் பேச்சில்தான் திட்டுவார்கள். கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி நடந்தார். பாதி வழியில் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு, ஐம்பது வயது மனிதர், தேம்பித் தேம்பி அழுதார்.

வீட்டுக்கு வந்தபோது திரான்சித்தோ முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"சூப்பு நான் வச்சுத் தர்றேன். திருநீற்றுப்பச்சை நம்ம தொட்டியிலயே இருக்கு" என்றாள். அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, "பேச்சுதான், அந்தப் பேச்சு எனக்கு வராது. மன்னிச்சுக்கோங்க" என்றாள்.

பிரெகாந்தே சரக்குக் கொடுப்பதை நிறுத்தினார். மற்ற இத்தாலிய மொத்த வியாபாரிகளும் நிறுத்தினார்கள். அம்பேலியோவின் அலமாரியில் ஆலிவ் எண்ணெயும் பாஸ்தாவும் தீர்ந்துபோய், ஜெர்மன் கிடங்கில் கிடைத்த புளித்த முட்டைக்கோஸ் ஜாடிகள் வந்து உட்கார்ந்தன. சோய்லா ஒரு ஜாடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன பச்சீச்சா, எங்கள நெருப்புலேந்து காப்பாத்தறேன்னுட்டு நாத்தத்துல கொல்லப் பாக்கறீங்களா?"

"காசு கொடுத்து வாங்க வேண்டாம். கொசுறா எடுத்துக்கோ."

"கொசுறாக் கூட வேண்டாம்" என்றாள். ஆனாலும் சோப்பு, மெழுகுவர்த்தி எல்லாம் அவள் அங்கேதான் வாங்கினாள். குன்றே அங்கேதான் வாங்கியது. ஓட்டுப் போட முடியாதவர்களால் செய்ய முடிந்தது அதுதான்.

சட்டம் வந்தபின் பிரெகாந்தே அதை மீறவில்லை. ரோஷக்காரர்தான், ஆனால் நேர்மையான மனிதர். இத்தாலியக் குழாய்களின் வாயையெல்லாம் ஊர்ப் பட்டறையில் கொடுத்துப் புது மரை வெட்டி வாங்கினார். பிறகு ஜெர்மானியருடையதைவிட இரண்டு மடங்கு பளபளக்கும்படி தேய்க்கச் சொன்னார்.

அந்தக் கோடையிலேயே நெருப்பு வந்தது. கொழுப்புக் காய்ச்சி மெழுகுவர்த்தி செய்கிற கொட்டகை ஒன்று குன்றின் மேல் பக்கத்தில் பற்றிக்கொண்டது. அதற்கு அடுத்த வரிசையில், எரிந்த இடத்தில் புதிதாகக் கட்டிய வீடுகள். முதலில் நின்றது சோய்லாவின் வீடு. காற்று அதன் பக்கமாகத்தான் அடித்தது. கீழே மணி அடித்தது. அம்பேலியோவின் கால்கள் பழக்கத்தில் இரண்டடி ஓடின. பிறகு நின்றன. அவரிடம் ஹெல்மெட் இல்லை, படை இல்லை.

இத்தாலியப் படை மூச்சு வாங்க ஏறி வந்தது. அதே வளைவில், அவர் கடைக்கு எதிரே, அவர்கள் குழாய் தீர்ந்தது. போலீஸ்காரன் கூட்டத்தைத் தள்ளிக் கயிறு கட்டினான். அம்பேலியோ கயிற்றுக்கு வெளியே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஜெர்மானியர் தங்கள் குழாயை மேலே விரித்துவிட்டுக் கீழ் முனையை நீட்டினார்கள். பிரெகாந்தே தானே குனிந்து இரண்டையும் சேர்த்துத் திருகினார். மரை அரைச்சுற்று போய் இறுகி நின்றுவிட்டது. புதிதாக வெட்டின பித்தளை. அதில் பாதை மண் வேறு.

"திருகுங்க!" என்று வீகாண்ட் அரைகுறை ஸ்பானியத்தில் கத்தினார்.

"திருகிக்கிட்டுதான்யா இருக்கேன்!" என்று பிரெகாந்தே ஜெனோவாப் பேச்சில் கத்தினார். அவர் பிடிக்குப் பலம் போதவில்லை. வயது எழுபதை எட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பையன்கள் யாருக்கும் இறுகிப்போன மரையைக் கழற்றிப் பழக்கமில்லை. மேலே கொட்டகையின் கூரை இடிந்து விழுகிற சத்தம் கேட்டது.

பிரெகாந்தே தலையைத் தூக்கினார். கயிற்றுக்கு வெளியே நிற்கிற முகத்தைப் பார்த்தார்.

"டேய் அம்பேலியோ! என்னடா மரம் மாதிரி நின்னு வேடிக்கை பாக்குற? வந்து கையைக் குடுடா!"

அம்பேலியோ கயிற்றுக்கு அடியில் புகுந்தார். நேரே வரவில்லை, முதலில் கடைக்குள் ஓடினார். கல்லாவுக்குப் பக்கத்துத் தகர டப்பாவிலிருந்து கை நிறையப் பன்றிக் கொழுப்பை அள்ளிக்கொண்டு வந்தார். மரையைக் கழற்றி, மண்ணைச் சட்டை முனையால் துடைத்து, இரண்டு வாயிலும் கொழுப்பைப் பூசினார். பிரெகாந்தே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார், அம்பேலியோ திருகினார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் மரை ஏறியது.

"அடிங்கடா பம்பை!"

தட்டையாகக் கிடந்த குழாய் புடைத்தது. இணைப்பில் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. ஜெனோவாக் குழாயிலிருந்து ஹாம்பர்க் குழாய்க்குத் தண்ணீர் தாண்டிப் போய், குன்றில் முதல் முறையாக உச்சி வரை ஏறியது. மேலேயிருந்து ஜெர்மன் ஆட்கள் கூவுகிற சத்தம் கேட்டது. கொட்டகை போயிற்று. அதோடு சரி. அடுத்த வரிசையில் ஒரு பலகைகூடக் கருகவில்லை.

எல்லாம் அடங்கியபின் பிரெகாந்தே கடைப்படியில் வந்து உட்கார்ந்தார். மேலெல்லாம் சேறு. அம்பேலியோ ஒரு கோப்பை ஒயின் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்றார்.

"உட்காரு. என்ன நிக்கிற."

உட்கார்ந்தார். பேச்சு ஜெனோவாப் பேச்சில் நடந்தது.

"மார்ச் தேர்தல்ல தோத்துடுவ. தெரியுமில்ல?"

"தெரியும்ணே."

"நம்ம ஆளுங்க ஒருத்தன்கூட உனக்கு ஓட்டுப் போடமாட்டான். நான் போட்டா எனக்குக் கேப்டன் பதவி இருக்காது."

"போடாதீங்கண்ணே. கேப்டனா இருங்க."

அப்படியேதான் நடந்தது. மார்ச் மாதம் தோற்றார். மறுபடி நிற்கவில்லை, கடைசிவரை கடைதான் வைத்திருந்தார். ஆனால் அன்று பிற்பகலில் அந்தத் தோல்வியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேரில் யாருக்கும் வருத்தம் பெரிதாக இல்லை. பிரெகாந்தே ஒயினைக் குடித்து முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தக் குன்றுல எவனும் உன் பேரைக் கல்லுல வெட்டி வைக்கப் போறதில்ல. ஒரு நன்றிகூடச் சொல்லமாட்டானுங்க. எதுக்குடா இதெல்லாம் செஞ்ச?"

அம்பேலியோ பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மேலேயிருந்து ஒரு குரல் பாதையெல்லாம் கேட்கும்படி இறங்கியது. சோய்லா தன் வீட்டு வாசலில், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கொடியில் காயப்போட்டிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகள் எல்லாம் சேற்றுத் தண்ணீர் பட்டு, சொட்டச் சொட்டத் தொங்கின.

"யோவ் ஹெல்மெட்டுக்காரங்களா! கண்ணு எங்கய்யா வச்சிருந்தீங்க? காலையிலேந்து வெளுத்து நீலம் போட்டுக் காயவச்சது! இத்தனையும் சேறாக்கி வச்சிருக்கீங்களே, யாருய்யா இதைத் திரும்பத் துவைக்கறது? உங்க அப்பனா வந்து துவைப்பான்?"

பிரெகாந்தே அண்ணாந்து பார்த்தார். அவள் திட்டத் திட்ட, அந்த வீட்டின் கதவு, சன்னல், கூரை, துணிக்கொடிக் கம்பம் எல்லாம் அவளுக்குப் பின்னால் முழுசாக நின்றன. கிழவர் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எழுந்திருடா" என்றார் அம்பேலியோவிடம். "ரெண்டு வாளி எடு. போய்த் துவைச்சுக் குடுத்துட்டு வருவோம்."